விடியும்வரை பாட வேண்டிய மேடை

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டதோ, அவர் நாடக மேடையின் நடுவில் நின்றவரல்லர். ஓரத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசித்தவர். நோட்டீஸில் அவர் பெயர் கடைசி வரியில் இருக்கும், படம் இருக்காது. அப்படிப்பட்ட ஒருவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு என்ன பொருள் எடுப்பது என்று யோசித்தபோது, போன பங்குனியில் நான் பார்த்த ஒரு நாடகம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதையே இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். தொலைக்காட்சியில் பாடிப் பேர் வாங்கிய ஓர் இளைஞர், முதல்முறையாக இசை நாடக மேடை ஏறிய இரவு அது.

ஊர்ப் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். பொன்னமராவதிப் பக்கம், மாரியம்மன் கோயில் திருவிழா. நாடகம் வழக்கம்போல 'வள்ளி திருமணம்'. நம் மாவட்டத்தில் திருவிழா நாடகம் என்றால் பத்துக்கு எட்டு இடத்தில் வள்ளிக்குத்தான் கல்யாணம். கோயில் வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் முருகனாக வரப்போகிறவர் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. 'டிவி புகழ்' என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள். வள்ளியாக வந்த அம்மா முப்பது வருஷமாக ஸ்திரீபார்ட் போடுகிறவர். அவர் படம் ஒரு சாண். ஆர்மோனியம் வாசித்தவர் எழுபதைத் தாண்டியவர். அவருக்குப் பெயர் மட்டும்தான்.

கூட்டம் நெருக்கித் தள்ளியது. பல வருஷமாக நாடகம் பக்கம் வராத பையன்கள் கைபேசியோடு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பபூன் வந்து போனார், டான்ஸ் வந்து போனது. நாயக வேடமான ராஜபார்ட்டின் அறிமுகத்தில் அந்தத் தம்பி வந்து நின்று முதல் பாட்டை எடுத்தார். உண்மையைச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு குரல். மேல் ஸ்தாயியில் நூல் பிடித்த மாதிரி நின்றது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. அவர் கும்பிட்டார். அடுத்த பாட்டு, அதற்கும் கைதட்டல். பணத்தைச் சட்டையில் குத்திவிட்டுப் போனார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

நாரதர் தர்க்கம் முடிந்து, தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வரும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மான் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வருகிற கட்டம். நீ யார், எந்த ஊர், எந்தக் குலம், பெண்கள் நிற்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை என்று வள்ளி மடக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. கேட்டவர் என்ன மெட்டில் விட்டாரோ அதே மெட்டில், அதே தாளத்தில் எடுக்க வேண்டும். கொஞ்சம் எழுதிய பாடம். மிச்சமெல்லாம் அந்த நேரத்தில் பிறக்கிறது.

அம்மா கேட்டார். தம்பி நின்றார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் மேடை ஓரத்துக்குப் போனது. நான் முன்வரிசையில் இருந்ததால் பார்த்தேன். எதையோ தேடுகிற கண். தொலைக்காட்சியில் பாடும்போது காதில் ஒரு கருவி இருக்கும், வாத்தியக் குழு முந்தைய நாளே ஒத்திகை பார்த்திருக்கும், எங்கே நுழைய வேண்டும் என்று யாராவது கையசைப்பார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை. அம்மா திரும்பவும் கேட்டார், இந்த முறை கடைசிச் சொல்லை இழுத்து, இடம் விட்டு. தம்பி எடுத்தார். சுருதி உதவவில்லை. அவருக்குப் பழக்கம் ஒன்றரைக் கட்டை. ஆர்மோனியம் ஐந்தில் நின்றது, அது அம்மாவின் சுருதி. கீழ் ஸ்தாயியில் தொடங்கினார், குரல் காணாமல் போய்விட்டது.

பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அப்போதுதான் ஆர்மோனியக்காரர் பாடினார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நகரவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. பதிலின் முதல் அடியை எடுத்து, பாதியில் நிறுத்தினார். அந்த வயதில் குரலில் பழைய கனம் இல்லை. ஆனால் சொல் ஒவ்வொன்றும் கேட்டது. தம்பி அந்த அரை அடியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு கேள்விக்கும் அதே போல. நாலாவது கேள்விக்கு, பெரியவர் வெறும் சுரத்தை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தார். தம்பி தானாகப் பதில் பாடினார். இலக்கணச் சுத்தமான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருடைய பதில். வள்ளியம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு வள்ளியுடையதா, அந்த அம்மாவுடையதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதற்குப் பெயர் பின்பாட்டு. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

நம்முடைய இசை நாடகத்தைப் பார்க்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் நம்பவே முடியாததாக இருக்கும். நாரதர் மதுரையிலிருந்து வருவார், வள்ளி காரைக்குடியிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி கொடுத்து, அட்வான்ஸ் கொடுத்துக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, பள்ளிக்கூடத்திலோ யார் வீட்டுத் திண்ணையிலோ மேக்கப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் வள்ளியும் முருகனும் ஒருவரையொருவர் முதன்முதலில் பார்ப்பதே மேடையில்தான். இதைத்தான் 'ஸ்பெஷல் நாடகம்' என்கிறோம். ஒருநாளும் சேர்ந்து பயிலாதவர்கள் விடிய விடிய எப்படிச் சேர்ந்து நடிக்கிறார்கள்? எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம். அந்தப் பாடத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். மதுரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. மதுரைக்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராகவே வைத்திருக்கிறார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. 1918-இல் அவர் சிறுவர்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது அங்கேதான். ஆனால் புதுக்கோட்டைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. சுவாமிகளுக்கு லயம் கிடைத்தது இந்த ஊரில். கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளை அவரைத் தம் புதல்வராகவே ஏற்றுத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார் என்று நாடகக் கலைஞர் அவ்வை தி.க. சண்முகம் எழுதியிருக்கிறார்.

மான்பூண்டியாப் பிள்ளை யார்? பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோலைக் கட்டிய ஒரு சின்னக் கருவியைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர். தட்சிணாமூர்த்திப் பிள்ளையை உருவாக்கியவர். புதுக்கோட்டை வழி என்று மிருதங்க உலகம் இன்றும் சொல்கிறதே, அதன் ஊற்று. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில், கணக்கும் சொற்கட்டும் காற்று மாதிரி நிறைந்திருந்த இடத்தில் இருந்தவர் பின்னால் நாடகப் பாட்டு எழுதினார். சுவாமிகளின் பாட்டுகளில் சந்தம் ஏன் அப்படிப் பாய்கிறது, தர்க்கப் பாட்டில் கேள்வி விட்ட இடத்திலேயே பதில் ஏன் வந்து உட்காருகிறது என்று கேட்டால், இந்த ஊர் வீதியில் கேட்ட கஞ்சிரா அதற்குள் இருக்கிறது என்பது என் துணிபு. ராகம் சற்று விலகினாலும் தர்க்கம் தாங்கும். தாளம் விலகினால் கேள்வி ஒரு பக்கமும் பதில் ஒரு பக்கமும் விழும். அன்றைக்குத் தம்பி தடுமாறியபோது மிருதங்கக்காரர் ஒரு கணம்கூட நடையை விடாமல் வைத்திருந்தார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த நடை இல்லையென்றால் பெரியவர் எடுத்துக் கொடுத்த அடிக்கு உட்கார இடமே இருந்திருக்காது. இந்த அறக்கட்டளை யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அவரும் எத்தனையோ இரவுகளில் இதைத்தான் செய்திருப்பார்.

புகழோடு வருகிற குரலை மேடை ஏற்பது புதிதல்ல. இசைத்தட்டு வந்தபோது நடந்ததை யோசித்துப் பாருங்கள். கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடியவர்கள். 1926-இல் கொழும்பில் சேர்ந்து நடித்தார்கள். அவர்கள் பாட்டு இசைத்தட்டாகி வந்தபின், கொட்டகைக்கே போகாத ஊர்களில் அந்தக் குரல் முதலில் போய்ச் சேர்ந்தது. பிறகு உருவத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது. மூன்று நிமிடத் தட்டில் கேட்டதை மேடையில் நேரில் கேட்க வந்தவர்கள் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பாடிய அந்த இருவரும் தட்டுக்குப் போவதற்கு முன்பே மேடையில் பழகியிருந்தார்கள். சுந்தராம்பாள் சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். கிட்டப்பா சிறுவயதிலேயே மேடை ஏறியவர். தட்டு பின்னால் வந்தது. இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. திரை முதலில், மேடை பிறகு. அந்தத் தம்பியின் தடுமாற்றத்துக்கு அவர் காரணமில்லை, இந்த வரிசைதான் காரணம்.

நம் ஊர்ப் பிள்ளை பி.யு. சின்னப்பாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. இந்த அவையில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். 1916-இல் இங்கே பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். பி.யு. என்பதில் ஊரும் அப்பாவும் இருக்கிறார்கள். முதலில் மீனலோசனி பால சபை, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிறுவயதிலேயே குரலால் பெயரெடுத்தார். பிறகு எல்லாப் பையன்களுக்கும் வருவது அவருக்கும் வந்தது. குரல் உடைந்தது. பாய்ஸ் கம்பெனியில் குரல் உடைந்த பையனுக்கு வேலை குறைந்துபோகும். அவர் வெளியே வந்தார். அந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். பாட்டுப் பயிற்சியை விடவில்லை. சிலம்பம் பழகினார், சுருள்கத்தி வீசப் பழகினார், பளு தூக்கினார். குரல் இல்லாத காலத்தில் உடம்பைத் தயார் செய்தார். 1936-இல் 'சந்திரகாந்தா'வில் திரைக்கு வந்தார். 1940-இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம். 1941-இல் 'ஆர்யமாலா', 1942-இல் 'கண்ணகி', 1944-இல் 'ஜகதலப்பிரதாபன்'. அந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே என்று ஒரே காட்சியில் ஐந்து பேராக உட்கார்ந்திருப்பார். தொழில்நுட்பம் என்று அதைப் பலரும் வியக்கிறார்கள். எனக்கு அதில் நாடகக் கம்பெனிதான் தெரிகிறது. பாடுகிறவனுக்கு மிருதங்கக்காரனின் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த இடம் அது.

1951 செப்டம்பரில், முப்பத்தைந்து வயதில், இதே ஊரில் அவர் காலமானார். இந்தத் தெருக்களில் அவர் வாங்கிய வீடுகளைப் பற்றி இன்னும் கதை சொல்கிறார்கள். அவர் பாடிப் பயின்ற நாட்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைந்துவிட்டது.

கடல் தாண்டியும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் நம்முடைய இந்தச் சிக்கலை அவர்களும் பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐடல்' என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. 2004-இல் அதில் வென்றவர் ஃபேன்டேசியா பாரினோ. 2007 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வேயில் 'தி கலர் பர்ப்பிள்' என்ற இசை நாடகத்தில் நாயகி சீலியாக வந்தார். அதுதான் அவருக்கு முதல் இசை நாடகம். பார்த்தவர்கள் அழுதார்கள், விமர்சகர்கள் பாராட்டினார்கள், டிக்கெட் பறந்தது. ஆனால் பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி. பல காட்சிகளுக்கு அவரால் வர முடியவில்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. பிறகுதான் குரல்நாணில் கோளாறு இருந்தது தெரியவந்தது. லண்டனிலும் 2006-இல், 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்கு நாயகியைத் தொலைக்காட்சி வாக்கெடுப்பு மூலமே தேர்ந்தெடுத்தார்கள். கானி ஃபிஷர் என்ற பெண் வென்றார். அவர் நாடகப் பயிற்சி பெற்றவர். அவருக்கும் குரல் களைத்து, வாரத்துக்கு எட்டு ஆறாகக் குறைந்தது. இருவரும் திறமை குறைந்தவர்கள் அல்லர். ஃபேன்டேசியா பதினாறு ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே சீலியாகத் திரைப்படத்திலும் நடித்து நிமிர்ந்து நின்றார். ஒரு பாட்டுக்கு உயிரைக் கொடுப்பது ஒரு திறன். அந்த உயிரை எட்டுக் காட்சிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது வேறு திறன். முதல் திறனுக்குப் பரிசு கொடுத்த தொலைக்காட்சி இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம் மேடையில் வாரத்துக்கு எட்டு இல்லை. ஆனால் பங்குனி, சித்திரை, வைகாசியில் கணக்கு வேறு. கொன்னையூர், நார்த்தாமலை, திருவப்பூர் என்று திருவிழாத் தேதிகள் அடுத்தடுத்து வரும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய ஐந்து. பகல் தூக்கம் பஸ்ஸில். திறந்த வெளி, பனி, புழுதி. ஸ்பீக்கர் செட் ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஸ்திரீபார்ட் அம்மா என்னிடம் சொன்னார், "ஐயா, பாட்ட எங்க கூட்டணும்னு எல்லாருக்கும் தெரியும். எங்க கொறைக்கணும்னு தெரிஞ்சாத்தான் வைகாசி வரைக்கும் தொண்ட நிக்கும்." இதை எந்தப் பாட்டுப் போட்டியின் நடுவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தொலைக்காட்சியிலிருந்து மேடைக்கு வருவதற்கு நேர் எதிரான பயணத்துக்கும் நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. களபம் கிராமத்துச் செந்தில்கணேஷ். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' ஆறாவது பருவத்தில் ஊர்ப்பாட்டைப் பாடிக்கொண்டே முன்னேறியதையும், 2018-இல் செந்தில்கணேஷ் பட்டம் வென்றதையும் இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த இரவு நம் ஊர் டீக்கடைகளில் திருவிழாதான். அவர்கள் பாடிய 'சின்ன மச்சான்' 2019-இல் 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குப் போனது. ராஜலட்சுமியின் குரல் 2021-இல் 'புஷ்பா' படத்தின் தமிழ்ப் பாட்டில் நாடு முழுக்கக் கேட்டது.

அந்தப் போட்டியில் அவர்களைக் கவனித்துப் பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். மற்ற போட்டியாளர்கள் பாட்டு முடிந்ததும் நடுவரைப் பார்ப்பார்கள். இவர்கள் இருவரும் பாடும்போது ஒருவரையொருவர் பார்ப்பார்கள், கூட்டத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பார். அது ஊர்ஊராகப் போய்க் கிராமத்து மேடையில் பாடியவர்களுக்கு வருகிற பழக்கம். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து போய்விடலாம் என்ற இடத்தில் பாடிப் பழகினால்தான் அது வரும். மக்களிசை மேடையும் இசை நாடக மேடையும் ஒன்றல்ல, பாடமும் வேறு, இலக்கணமும் வேறு. ஆனாலும் அவர்கள் தொலைக்காட்சிக்குப் போகும்போது கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். தொலைக்காட்சியிலிருந்து மேடைக்கு வருகிறவருக்கு அந்த ஒன்றை நாம் இங்கே வைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதோடு, பாட்டைச் சுமக்கிற உடம்பும் வேண்டும். விராலிமலை முத்துக்கண்ணம்மாளைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். முருகன் கோயிலில் தொண்டு செய்த முப்பத்திரண்டு பெண்களில் ஒருவர், ஏழாவது தலைமுறை. 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் ஆடுவார், ஆடிக்கொண்டே அவரே பாடுவார். இன்றைய பரத மேடையில் ஆடுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்று ஆகிவிட்டது. வயது முதிர்ந்தும், ஒரே மூச்சுக்குள் அடவும் பாட்டும் அவரிடம் இருப்பதைப் பார்க்கும்போது, பாடுகிற உடம்பு என்று ஒன்று உண்டு என்பது புரியும். மூச்சை எங்கே எடுக்கிறார் என்று தேடிப் பாருங்கள், கண்டுபிடிக்க முடியாது. தொலைக்காட்சியில் பாடுகிறவர் மைக்கைப் பிடித்து நிற்கிறார். இசை நாடகத்தில் அவர் வேல் பிடிக்க வேண்டும், நடக்க வேண்டும், கிழவனாக வந்து குனிந்து தடுமாறிக்கொண்டே சுருதி தடுமாறாமல் பாட வேண்டும். 'வள்ளி திருமண'த்தில் விருத்தனாக வரும் கட்டத்தை நன்றாகச் செய்த ராஜபார்ட்டுகளை ஊர்கள் இன்னும் பெயர் சொல்லி நினைவு வைத்திருப்பது அதனால்தான்.

சரி, வர வேண்டாம் என்கிறேனா? ஒருநாளும் இல்லை. வர வேண்டும். அந்த இரவு கைபேசியோடு வந்த பையன்கள் அந்தத் தம்பிக்காகத்தான் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் தர்க்கம் வரை இருந்தார்கள். அவர் தடுமாறியபோது விசிலடித்த கூட்டமே, நாலாவது கேள்விக்கு அவர் தானாகப் பதில் சொன்னபோது எழுந்து நின்றது. அதுவரை அவர்கள் ஒரு பாடகரைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் ஒருவன் ஒரு கலையைக் கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்த்தார்கள். என் வாழ்நாளில் பார்த்த நாடகங்களில் அதைவிடப் பெரிய நிமிடம் அதிகமில்லை.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. மறுநாள் காலை கணக்கு முடித்தபோது நானும் அங்கே இருந்தேன். தம்பிக்குக் கொடுத்ததைச் சொல்ல மாட்டேன். அது அவர் உழைத்துச் சேர்த்த புகழுக்கு விலை. ஆனால் ஆர்மோனியம் வாசித்த பெரியவருக்குக் கொடுத்ததை எண்ணிப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். அன்றைக்கு நாடகத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அந்த ஊர்க் கமிட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறோம். நோட்டீஸில் முகத்துக்குக் கொடுக்கிறோம், பின்பாட்டுக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே இந்த அவையில் இருக்கிற திருவிழாக் கமிட்டிக்காரர்களிடமும், நாடக நடிகர் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தொலைக்காட்சியில் பாடியவரைக் கூப்பிடுங்கள், படத்தைப் பெரிதாகவே போடுங்கள். ஆனால் தேதி கொடுக்கும்போது, நாடகத்துக்கு முன்னால் பத்து நாளாவது அவர் ஒரு வாத்தியாரிடம் வந்து உட்கார வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாளுக்கான பணத்தை வாத்தியாருக்குத் தனியாகக் கொடுங்கள். அதை ராஜபார்ட்டின் சம்பளத்திலிருந்து பிடிக்க வேண்டாம், நாடகச் செலவில் சேருங்கள். சுருதி இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற கட்டை எது என்று வள்ளியம்மாவையும் கூட வைத்துத் தீர்மானிக்கட்டும். தர்க்கப் பாடத்தை மனப்பாடம் பண்ணட்டும். பண்ணிய பிறகு அதிலிருந்து எப்படி வெளியே போவது, எப்படித் திரும்பி வருவது என்று வாத்தியார் காட்டட்டும். ஒரு வருஷத்தில் ஒருவர் வந்து கற்றால் போதும், அடுத்த வருஷம் அவரைப் பார்த்து இரண்டு பேர் வருவார்கள்.

மாணவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பாடுகிறவர்கள் இருப்பீர்கள். போட்டிக்குப் போங்கள், ஜெயித்து வாருங்கள். அதற்கு முன்னாலோ பின்னாலோ, ஒரு நாடகத்தில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டு ஓர் இரவு உட்காருங்கள். மேடையை அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். பாடுகிறவரின் முதுகு தெரியும். அவர் எங்கே தயங்குகிறார், யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பது தெரியும்.

அன்றைக்கு நாடகம் முடிந்ததும் அந்தத் தம்பி கிளம்பவில்லை. மேக்கப்பைக் கலைக்காமல், முருகன் வேஷத்திலேயே, மேடைக்குப் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் வந்தார். காலைத் தொடப் போனார். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். சாமி வேஷத்தில் இருக்கிறவர் காலில் விழக் கூடாது என்பது மேடை வழக்கம். "வாத்தியாரே, மூணாவது கேள்விக்கு நீங்க எடுத்தீங்களே, அது என்ன மெட்டு?" என்று கேட்டார். பெரியவர் கட்டிய பெட்டியைத் திரும்ப அவிழ்த்தார். கோயில் பக்கம் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அந்தத் தம்பி இப்போது மாதத்தில் நாலைந்து நாள் பெரியவர் வீட்டுக்கு வருகிறார். வருகிற பங்குனியில் இந்த மாவட்டத்தில் அவருக்கு மூன்று தேதி இருக்கிறது, மூன்றுக்கும் அதே ஆர்மோனியம்தான் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். முடிந்தவர்கள் வாருங்கள். பத்து மணிக்குத் தொடங்கும். பபூன் முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள், தர்க்கம் இரண்டு மணிக்கு மேல்தான்.